இரண்டு கப்பி, ஒரு வளையம்

பால்கனியில் துணிக்கொடி ஏற்றும் கப்பிகள் நான்கில்
இரண்டைக் கழற்றிவிட்டேன்.
அருளானந்தின் சட்டைகள் இப்போது
நாற்காலி முதுகுகளில் காய்கின்றன.
காய்கின்றன என்பது ஒரு மரியாதைக்கு. மார்கழி.

மூன்று செவ்வாய்க்கு முன்னால்
சிறுகானல் கண்மாயில், மடைப்பக்கம்,
நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் இடுப்பிலேயே கட்டியிருந்தேன்.
அங்கேதான் கை எட்டும், வேறு காரணமில்லை.
வாடை அடித்தது.
கயிறு இடுப்பைப் பிடித்துக்கொள்ள
படகு குறுக்கே திரும்பி
வந்த அலைக்கெல்லாம் விலாவைக் கொடுத்தது.
மடியில் தண்ணீர். டிபன்பாக்ஸ் மிதந்தது.
தூண்டில் ஒன்று போயே போய்விட்டது, ஆயிரத்து எண்ணூறு.

லாரி ட்யூபில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் மலைக்கண்ணு,
குத்தகைக்காரர் வைத்த காவல்,
போன வருஷம் மணிக்கட்டு முறிந்து
என்னிடம் படம் எடுத்துக்கொண்டவன்.
"கழிய ஊணிக் கட்டுங்க எக்ஸ்ரேக்கா" என்றான்.
அவன் கிடக்கும் இடத்தில் கழி ஊன்றும்.
மடைப்பக்கம் ரெண்டாள் ஆழம்,
கட்லா அங்கேதான்.

ஆகவே இது.
மூக்கில் ஒரு கப்பி, வாலில் ஒரு கப்பி.
வலப்பக்க விளிம்போடு நாலு மில்லி நைலான்
போய்த் திரும்பி வந்து
முனை இரண்டும் ஒரு வளையத்தில் முடிகிறது,
என் பழைய ஹேண்ட்பேக்கின் வார்வளையம்.
அதற்குள் புகுந்து ஓடும் நங்கூரக் கயிறு.
இந்தப் பக்கம் இழுத்தால் வளையம் மூக்குக்கு,
அந்தப் பக்கம் இழுத்தால் வாலுக்கு.
எழுந்திருக்க வேண்டாம்.
தொய்வு வாங்க, வால் கப்பிக்குப் பின்னால்
சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு.

துளை போடுவதுதான்.
டிரில்லை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.
ஒழுகாத ஒன்றில் நானே ஓட்டை போட வேண்டும்.
எலும்பில் திருகாணி ஏறிய படங்கள்
எத்தனையோ எடுத்திருக்கிறேன்,
ஏற்றிய கையை ஒருநாளும் நினைத்ததில்லை.
ஆறு மில்லி.
மஞ்சள் பிளாஸ்டிக் சுருள்சுருளாக உதிர்ந்தது.
சிலிக்கான் வைத்து இறுக்கினேன்.
இறுக்கியதை இன்னொரு முறை இறுக்கினேன்.

எடைக்கு,
ஆஸ்பத்திரி ஸ்டோரில் கிழிந்து கிடக்கும் ஈய அங்கி ஞாபகம் வந்தது.
பதிவேட்டில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.
ரஸ்தா பழைய இரும்புக்கடையில்
டிராக்டர் சங்கிலி ஒரு முழம் வாங்கினேன்.

இன்று காலை ஆறே முக்கால்.
கலுங்கில் தண்ணீர் மெல்லிசாக வழிகிறது.
சங்கிலியை இறக்கி வளையத்தை மூக்குக்கு அனுப்பினேன்.
ஈரத்துணி ஏற்றும்போது கத்துகிற அதே கத்தல் கப்பிக்கு.
கயிறு விறைத்தது.
படகு கொஞ்சம் யோசித்தது.
பிறகு, கூப்பிட்ட திசைக்குக் கழுத்தைத் திருப்பும் மாடுபோல
மெதுவாக வந்து
வாடைக்கு முகம் கொடுத்து நின்றது.
அலை பிளந்து இரண்டு பக்கமும் போனது.
மடியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

நேற்று ஒரு லாரி டிரைவர், விலாவில் இரண்டு முறிவு.
மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க என்றதும்
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்தால் வலி, வலித்ததில் மறுபடியும் சிரிப்பு.
படத்தில் எலும்பெல்லாம் புகை.
இரண்டாம் தடவை தோளைத் தொட்டுச்
சற்றே திருப்பி நிறுத்தினேன்.
நின்றார்.

மலைக்கண்ணு ட்யூபைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
"எவ்வளவு ஆச்சு?"
"நானூத்திப் பத்து. கப்பி ஓசி."
"மீனு?"
"இன்னும் இல்லை."
கயிற்றைத் தடவிப் பார்த்தான். சும்மா இருப்பானா,
வளையத்தை வாலுக்கு இழுத்துவிட்டான்.
படகு ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றுக்கு முதுகைக் காட்ட
பின்னாலிருந்து ஏறி வந்தது ஒரு அலை,
கழுத்து முதல் இடுப்பு வரை.

"அசையாதீங்க எக்ஸ்ரேக்கா" என்கிறான்,
பல்லெல்லாம் தெரிய.

வீட்டில் காலி நாற்காலி
ஒன்றுகூட இல்லை.